காற்றில் வருங் காட்சியும் காத்துவைக்கும் பெட்டியும்

பேச்சு, பேசியவுடன் மறையும் இயல்பினது. கூத்தும் அத்தகையதே, ஆடி முடிந்ததும் அரங்கு வெறிதாகும். நிலையாத சொல்லை நிலைக்கச் செய்யும் வழியை நம் முன்னோர் ஓலையிலும் எழுத்தாணியிலும் கண்டனர். பின்னர்த் தாளும் அச்சும் அப்பணியை ஏற்றன. ஆனால் அசையுங் காட்சியைப் பிடித்து வைக்கும் வல்லமை, வீட்டிலிருக்கும் சாதாரண மனிதர் கைக்கு நெடுங்காலம் எட்டவில்லை. தொலைக்காட்சி தோன்றிய பின்னரும் பல்லாண்டுகள் இதுவே நிலைமை. இரவு எட்டு மணிக்கு வரும் நிகழ்ச்சியை எட்டு மணிக்கே பார்த்தல் வேண்டும். தவறினால் அது போனது போனதுதான்.

இன்று வட அமெரிக்காவில், வானலைகளில் விலையின்றி வரும் உயர் தெளிவுத் தொலைக்காட்சியை ஒரு சிறு அன்ரெனாவினாற் பிடித்து, வீட்டிலுள்ள எண்முறைப் பதிவுப்பெட்டியிற் சேமித்து, தமக்கு வேண்டிய வேளையிற் பார்க்குங் குடும்பங்கள் பல உள. இலக்கண இலக்கியங் கற்பிக்கும் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் வினவுதல் கூடும். படியெடுத்தல், பாதுகாத்தல், வேண்டும்போது எடுத்துப் படித்தல் என்னும் மூன்றும் எங்கள் தொழிலின் அடிப்படை. இவற்றை இன்னொரு கருவி கொண்டு செய்பவர்களை யாம் அயலாராகக் கருதுதல் முறையன்று. 2023ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் கனடாவிலுள்ள என் தமக்கையார் வீட்டில் ஒரு மாதம் தங்கியபோது இக்கருவியை அருகிருந்து கண்டேன். அதன் வரலாற்றையும் அதனைச் சூழ்ந்துள்ள வழக்கையும் பின்னர்ப் படித்தறிந்தேன். அவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன்.

வானலைக்கு விலையில்லை

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதி ஸ்காபுறோ. ஈழத்தமிழர் பெருந்தொகையாய் வாழும் இடம் அது. அங்கே அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பன்னிரண்டாவது மாடியில் தமக்கையார் குடும்பம் வாழ்கின்றது. தெற்கு நோக்கிய பல்கனியின் கம்பியில், துணி உலர்த்துங் கொடியோ என ஐயுறத்தக்க தோற்றத்துடன் ஓர் அன்ரெனா கட்டப்பட்டிருந்தது. "மாமா, இதுக்கு மாசக் காசு ஒண்டும் இல்லை. ஒருக்கால் வாங்கிக் கட்டினால் சரி," என்றான் மருமகன். கம்பிவழித் தொலைக்காட்சிக்கு மாதந்தோறும் கட்டிவந்த பணத்தை அவர்கள் நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்நகரின் நடுவே 553 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்பது சி.என். கோபுரம். 1976இல் திறக்கப்பெற்ற அக்கோபுரத்தைச் சுற்றுலாச் செல்வோர் ஏறிப் பார்க்கும் இடமாகவே நம்மவர் அறிவர். வானொலி, தொலைக்காட்சி அலைகளை உயரமான கட்டடங்கள் மறிக்காதவாறு அனுப்புதலே அதன் முதற்பணி. கனடிய ஒளிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய சீ.பீ.சி.யும், ஒன்ராறியோ மாகாணத்தின் கல்வித் தொலைக்காட்சியாகிய ரீ.வி.ஓ.வும், வேறு பல நிலையங்களும் அதன் உச்சியிலிருந்து ஒளிபரப்பாகின்றன. இவற்றுடன் அமையவில்லை. ஒன்ராறியோ ஏரிக்கு அப்பால், ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஐக்கிய அமெரிக்காவின் பஃபலோ நகர நிலையங்களும் அந்தப் பல்கனிக்கு வந்து சேர்கின்றன. இடையே பெரும்பகுதி நீர்ப்பரப்பாதலின் அலைகளுக்குத் தடை குறைவு. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் நெடிய குழாய்களின் உச்சியில் அன்ரெனாவைக் கட்டி, கடல் கடந்து வந்த தூரதர்ஷனைப் பிடித்தவர்களுக்கு இது புதுமையன்று. எல்லைக் காவலர் அலைகளிடம் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை.

எனினும் அக்காலத்து அலைக்கும் இக்காலத்து அலைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அன்று காற்றின் போக்குக்கேற்பப் படத்தில் மழை பெய்யும், புள்ளிகள் பறக்கும், ஆயினும் முகம் ஒருவாறு தெரியும். ஐக்கிய அமெரிக்காவின் முழுவலு நிலையங்கள் 2009 ஜூன் 12ஆம் நாளும், கனடாவின் முதன்மை நகர நிலையங்கள் 2011 ஓகஸ்ற் 31ஆம் நாளும் எண்முறைக்கு மாறின. எண்முறையில் அரைகுறை என்பது மிகக் குறைவு. அலை போதிய வலிமையுடன் வருமாயின் படம் பளிங்குபோல் விளங்கும். வலிமை ஓர் அளவுக்குக் கீழே இறங்குமாயின் படம் சதுரஞ் சதுரமாய்ச் சிதறி அப்படியே உறைந்துவிடும். ஆதலின் அன்ரெனாவை எத்திசை நோக்கி, எவ்வுயரத்தில் வைப்பது என்பது ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. வடக்கு நோக்கிய பல்கனியுள்ள அயல்வீட்டார்க்குப் பஃபலோ நிலையம் ஒன்றேனும் கிட்டவில்லை. ஒரே கட்டடம்; ஒரே மாடி; சுவரின் திசை மாத்திரம் வேறு.

ஓர் ஒளிபரப்பு நிலையத்துக்கு ஒதுக்கப்படும் அலைப்பரப்பு 6 மெகாஹேற்ஸ். முன்னர் அப்பரப்பில் ஒரே நிகழ்ச்சிதான் செல்லும். எண்முறையில் அதே பரப்பு, ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 19.39 மெகாபிற்று அளவான தரவைச் சுமக்கும். அதனுள் உயர் தெளிவு நிகழ்ச்சி ஒன்றும், சாதாரணத் தெளிவுள்ள நிகழ்ச்சிகள் சிலவும் ஒருங்கே அடங்கும். உயர் தெளிவு எனப்படுவது 1920க்கு 1080 புள்ளிகளாலான படம், அல்லது 1280க்கு 720 புள்ளிகளாலான படம். இத்தகைய படம் எவருக்கும் கட்டணமின்றிக் காற்றில் வருகின்றது என்பதைப் புதிய தலைமுறையினர் பலர் அறியார். திரையென்றால் அதற்கு மாதக் கட்டணம் உண்டு என்றே அவர்கள் வளர்ந்துள்ளனர்.

பாடபேதம் இல்லாத படி

பதிவுப்பெட்டி ஓர் அகராதியளவுகூட இல்லை. ஒரு புறத்தில் அன்ரெனாவிலிருந்து வரும் கம்பி நுழைகின்றது. உள்ளே அலையைத் தெரிந்தெடுக்கும் ரியூனர்கள் இரண்டோ நான்கோ இருக்கும். எத்தனை ரியூனர்களோ அத்தனை நிலையங்களை ஒரே வேளையிற் பதிவுசெய்யலாம். பதிந்தவை வன்தட்டிற் சேர்கின்றன. வீட்டிலுள்ள தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ அவற்றைப் பின்னர்க் காணலாம். 1999இல் ரீவோ, ரீப்ளே ரீவீ என்னும் பெயர்களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த பெட்டிகளே இவ்வகையின் முன்னோடிகள்.

கணக்குப் பார்ப்போம். ஒரு நிலையத்தின் அலைப்பரப்பு முழுவதையும் ஒரே நிகழ்ச்சி நிரப்பினாலும், ஒரு மணி நேரத்துக்கு 8.7 கிகாபைற் அளவே இடம் வேண்டும். பெரும்பாலும் அதனினுங் குறைவாகவே ஆகும். ஆகவே ஒரு ரெராபைற் வன்தட்டில் 100 மணி நேரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் அடங்கிவிடும்.

பழைய வீடியோக் கசெற்றுகளை நினைவிற்கொள்வோர் ஒன்று அறிவர். ஒரு கசெற்றிலிருந்து படியெடுத்தால் நிறம் மங்கும். அப்படியிலிருந்து மற்றொரு படியெடுத்தால் முகமும் மங்கும். நம் ஏடுகளுக்கும் இக்கதி உண்டு. எழுதுவோன் கைப்பிழையும், செல்லரித்த இடத்தைத் தன் கருத்தால் நிரப்பும் துணிவும் சேர்ந்து பாடபேதங்களை வளர்த்தன. ஒரு சொல்லின் மூலவடிவம் எதுவெனத் துணிய முடியாது பதிப்பாசிரியர் ஆண்டுக்கணக்கில் வருந்தினர். இந்தப் பெட்டியோ நிலையம் அனுப்பிய எண்களை வந்தவாறே வரிசையாக எழுதி வைக்கின்றது. படத்தை மறுபடி வரைவதில்லை. ஆகவே பதிவில் உள்ள படமும் ஒளிபரப்பில் வந்த படமும் ஒன்றே. பாடபேதம் இல்லாத படியை முதன்முறையாக ஒரு சாதாரண வீட்டிற் கண்டபோது எனக்கு உண்டான வியப்பைச் சக பண்டிதர்கள் உணர்வார்கள்.

நிலையங்கள் தம் நிகழ்ச்சி நிரலையும் அலையிலேயே சேர்த்து அனுப்புகின்றன. சில பெட்டிகள் அதனைக் கொள்ளும். சில இணையத்திலிருந்து விரிவான நிரலைப் பெறும். அந்நிரலுக்கெனச் சந்தாக் கேட்கும் நிறுவனங்களும் உள. ஒரு தொடரை ஒருமுறை குறித்துவிட்டால் வாரந்தோறும் தானே பதிந்துகொள்ளும். ஆயினும் பெட்டிக்கு மணி தெரியுமேயன்றி மனிதர் வழக்கந் தெரியாது. விளையாட்டுப் போட்டி நீண்டு, அதற்குப் பின்னுள்ள நாடகம் தாமதமாகத் தொடங்குமாயின், கொலையாளி யாரெனத் தெரியும் கட்டத்திற் பதிவு நின்றுவிடும். இதனை அறிந்தோர் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் அரை மணி நேரம் கூட்டி வைப்பர்.

குழம்பு என்னுஞ் சொல்

என் தமக்கையார் ஊரில் விஞ்ஞான ஆசிரியையாக இருந்தவர். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப்பணி செய்கின்றார். பஃபலோவின் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில் 'நோவா' என்னும் விஞ்ஞான நிகழ்ச்சி புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வரும். அது 1974 முதல் நடைபெற்று வரும் நிகழ்ச்சி. புதன் இரவு ஒன்பது மணிக்குத் தமக்கையார் பேருந்தில் இருப்பார். ஒளிபரப்பாளர் நேரமும் தொழில்தருவோர் நேரமும் சேர்ந்து ஒருவருடைய வாழ்வைப் பங்கிட்டுக்கொண்டால், அவருக்கென எஞ்சும் நேரம் எது? பெட்டி அதற்கு விடை கூறியது. புதன் இரவிற் பதிவாகும் நிகழ்ச்சியைச் சனிக்கிழமை காலையில், எட்டு வயதுப் பெயர்த்தியை அருகே இருத்திக்கொண்டு அவர் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை, எரிமலை பற்றிய பதிவொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செந்தழலாய் உருகிய கல் மலைச்சரிவில் வழிந்தது. "பொறு பிள்ளை, அதை நிப்பாட்டு," என்றார் தமக்கையார். படம் நின்றது. "தம்பி, இந்த உருகின கல்லுக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?" என்று என்னைக் கேட்டார். அவருக்குத் தெரியாத சொல்லன்று. பிள்ளை என் வாயாற் கேட்கவேண்டும் என்பது அவர் விருப்பம். "எரிமலைக் குழம்பு," என்றேன்.

பிள்ளை சிரித்தது. "குழம்பெண்டால் சோத்துக்கு விடுறதெல்லோ அம்மம்மா?"

குழம்புதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் குழம்பு என்பதையும், திண்மையும் நீர்மையும் ஒன்றாய்க் குழைந்து கிடப்பது எதுவாயினும் அப்பெயர் பெறும் என்பதையும், சந்தனத்தைக் கரைத்தால் அதுவும் சந்தனக் குழம்பாம் என்பதையும் எடுத்துரைத்தேன். "அப்ப அம்மா எனக்கு மண்டை குழம்புது எண்டு சொல்லுறவ?" என்று பிள்ளை அடுத்த வினாவைத் தொடுத்தது. அதுவும் அச்சொல்லே என்றேன். தமக்கையார் அடுக்களையிலிருந்து சிறிது மாவும் தண்ணீரும் கொண்டுவந்து, பாறை எவ்வாறு குழம்பாகும் என்பதைக் கையாற் கரைத்துக் காட்டினார். கால் மணி நேரம் இவ்வாறு கழிந்தது. அத்துணை நேரமும் எரிமலை திரையில் அசையாது காத்திருந்தது.

வேற்றுமொழிச் சூழலில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் எப்போது நுழையும் என்று நாம் இங்கிருந்து கவலைப்படுகின்றோம். ஆங்கில நிகழ்ச்சி ஓயாது ஓடிக்கொண்டிருப்பின் அம்மம்மாவின் விளக்கத்துக்கு இடமேது? நிறுத்தும் உரிமை கைக்கு வந்தபோதுதான் அங்கே தமிழுக்கு இடம் உண்டாயிற்று. பதிவு செய்தல் என்பது நேரத்தை மாற்றி வைத்தல் என்று மாத்திரம் கூறுவோர் இப்பயனைக் கருதுவதில்லை. பொருள் விளங்காத இடத்தில் நின்று, முன்னும் பின்னும் புரட்டி, அருகிலிருப்பவரை வினாவித் தெளிதல் நூலுக்கே உரிய வசதியாக இருந்தது. பதிவுப்பெட்டி காட்சிக்கும் அவ்வசதியை அளித்துள்ளது.

வழக்கேறிய நாடா

இவ்வுரிமை எளிதாய்க் கிடைத்ததன்று. 1975இல் சொனி நிறுவனம் பீற்றாமாக்ஸ் என்னும் நாடாப் பதிவுக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டில் அதற்குப் போட்டியாக ஜே.வி.சி. நிறுவனத்தின் வீ.எச்.எஸ். வந்தது. அதே 1976இல் யூனிவேர்சல், வோல்ற் டிஸ்னி ஆகிய இரு திரைப்பட நிறுவனங்கள் சொனி மீது வழக்குத் தொடுத்தன. வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவுசெய்வோர் பதிப்புரிமையை மீறுகின்றனர். அதற்குக் கருவி விற்றவரும் பொறுப்பாளி என்பது அவர்கள் வாதம். 1979இல் கீழ்நீதிமன்றம் சொனிக்குச் சார்பாகத் தீர்த்தது. 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 1982இல் திரைப்பட நிறுவனங்களின் சங்கத் தலைவர் ஜக் வலென்ரி, அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னிலையில், தனித்திருக்கும் பெண்ணுக்குக் கொலையாளி எத்தகையவனோ அத்தகையது தம் தொழிலுக்கு இக்கருவி என்று கூறுமளவுக்கு அச்சம் மிகுந்திருந்தது.

1984 ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு வாக்கினால், பின்னர்ப் பார்ப்பதற்காக வீட்டிற் பதிவுசெய்தல் நியாயமான பயன்பாடு என நிலைபெற்றது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்ரீவன்ஸ், சிறுவர் நிகழ்ச்சியாளர் பிரெட் றொஜர்ஸ் அளித்த சாட்சியத்தை எடுத்துக் காட்டினார். பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாயிருக்கும் வேளையில் தம் நிகழ்ச்சியைப் பார்க்க இக்கருவி உதவுமாயின் அதனைத் தாம் வரவேற்பதாக றொஜர்ஸ் கூறியிருந்தார். நிகழ்ச்சியை ஆக்கியவரே அதனைப் பதிவுசெய்யுங்கள் என்றமை வழக்கில் வலிய சான்றாயிற்று. தொழிலை அழிக்கும் என அஞ்சிய அக்கருவியே, சில ஆண்டுகளிற் கசெற் விற்பனை வழியாகத் திரைப்பட நிறுவனங்களுக்குத் திரையரங்க வருவாயினும் மிகுந்த வருவாயை ஈட்டிக் கொடுத்தது.

கனடாவில் இவ்வுரிமை சட்டத்தினாலேயே வகுக்கப்பட்டுள்ளது. 2012இல் நிறைவேறிய பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், பின்னர்ப் பார்ப்பதற்காக ஒரு நிகழ்ச்சியை ஒரு முறை பதிவுசெய்ய இசைகின்றது. பூட்டை உடைத்துப் பதியலாகாது, பிறருக்குக் கொடுக்கலாகாது, வசதியான நேரத்திற் பார்ப்பதற்கு வேண்டிய காலத்தினும் மேலாக வைத்திருக்கலாகாது என்பன அதன் வரம்புகள்.

அழித்தவரும் காத்தவரும்

பதிவுகளை நிறுவனங்களே காக்கும். வீட்டார்க்கு அக்கவலை ஏன் என்று கேட்பார் உளர். பிரித்தானிய ஒளிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பீ.பீ.சி.யின் வரலாறு அதற்கு விடை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வீடியோ நாடாவின் விலை அதிகம். ஒருமுறை பயன்படுத்தியதை அழித்து மறுபடி பயன்படுத்தலாம். மறு ஒளிபரப்புக்கான உரிமையோ வரையறுக்கப்பட்டது. ஆதலின் எண்ணற்ற நாடகங்களையும் நிகழ்ச்சிகளையும் அந்நிறுவனமே துடைத்தது. 1963இல் தொடங்கிய 'டொக்ரர் ஹூ' என்னும் புகழ்பெற்ற தொடரில் அறுபதுகளைச் சேர்ந்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் இவ்வாறு மறைந்தது. ஆயினும் அவற்றின் ஒலி முழுவதும் இன்றுளது. அதனைக் காத்தவர்கள், தொலைக்காட்சியின் முன்னே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் தம் விருப்பத்துக்காகப் பதிந்த இளைஞர் சிலர். 2013இல் இத்தொடரின் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலுள்ள தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் களஞ்சியத்திற் கிடைத்தன என்ற செய்தி வெளியானபோது அந்நாட்டவர் அடைந்த மகிழ்ச்சி, காணாமற்போன ஏட்டைக் கண்டெடுத்த பதிப்பாசிரியரின் மகிழ்ச்சிக்கு ஒப்பானது. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளை எண்ணி ஏங்குவோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா.

பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்ரோக்ஸ் என்னும் அம்மையார் இருந்தார். முன்னர் நூலகராகப் பணிபுரிந்தவர். தொலைக்காட்சி உலகைக் காட்டும் விதத்தை எவரேனும் முழுமையாகக் காத்தல் வேண்டும் எனக் கருதி, 1979 முதல் செய்தி ஒளிபரப்புகளைத் தம் வீட்டிற் பதிவுசெய்யத் தொடங்கினார். பல கருவிகள் இரவும் பகலும் ஓடின. நாடா முடியும் நேரத்துக்கு வீட்டார் திரும்பி வந்து மாற்றுதல் வேண்டும். அதற்கேற்பவே அவ்வீட்டின் உணவும் உறக்கமும் அமைந்தன. 2012 டிசெம்பர் 14ஆம் நாள் அவர் இறக்கும்வரை சேர்ந்த நாடாக்கள் ஏறக்குறைய 70,000. அவை பின்னர் இன்ரநெற் ஆர்க்கைவ் என்னும் எண்முறை நூலகத்துக்கு வழங்கப்பட்டன. அவரைப் பித்தர் என்றனர் சிலர். நிலையங்களே வைத்திராத பல செய்தி ஒளிபரப்புகள் அந்நாடாக்களில் உள்ளன என்பதை அறிந்தபின் அச்சொல்லைக் கூறுதல் எளிதன்று.

பூட்டு

இனி, இன்று எழுந்துள்ள சிக்கலுக்கு வருவோம். 2003இல் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு விதியை இயற்றியது. எண்முறை ஒளிபரப்பில் ஒரு குறி சேர்த்து அனுப்பப்படும். அக்குறியைக் கண்டால் பெறுங்கருவிகள் படியெடுத்தலைக் கட்டுப்படுத்தல் வேண்டும் என்பது விதி. அதனை எதிர்த்து வழக்காடியோருள் முன்னின்றது அமெரிக்க நூலகச் சங்கம். ஒளிபரப்பு வீட்டை அடைந்த பின்னர்க் கருவி என்ன செய்யவேண்டும் என்று கட்டளையிட ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என 2005 மே மாதத்தில் நீதிமன்றம் தீர்த்தது. நூல் காப்போர் தொலைக்காட்சிப் பதிவுக்காக வாதாடி வென்றனர் என்பது நம் போன்றோர் மனத்திற்கொள்ளத்தக்க செய்தி.

வெளியேறிய பூட்டு வேறு வாயிலால் நுழைந்துள்ளது. 2017 நவம்பரில், ஏ.ரி.எஸ்.சி. 3.0 எனப்படும் புதிய ஒளிபரப்பு முறைக்கு அதே ஆணைக்குழு இசைவளித்தது. மாற விரும்பும் நிலையங்கள் மாறலாம். இன்னுஞ் சிறந்த படமும் ஒலியும் தரவல்ல முறை அது. ஆனால் அம்முறையில் ஒளிபரப்பை மறைபொருளாக்கிப் பூட்டி அனுப்பவும் இயலும். பல நகரங்களில் நிலையங்கள் அவ்வாறே செய்கின்றன. அப்பூட்டின் திறவுகோலைச் சான்று பெற்ற கருவிகளே பெறும். அன்ரெனாவும் பதிவுப்பெட்டியும் இருந்தும், அலை குறைவற வந்தும், படந் தெரியாத நிலை இதனால் உண்டாகின்றது.

பூட்டுவோர் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரைத்தல் முறை. நாடகம் எழுதுவோரும் நடிப்போரும் ஊதியம் பெறுதல் வேண்டும். ஒளிபரப்பைத் திருடி இணையத்தில் விற்போர் உளர். தத்தமக்கென ஒரு சிற்றன்ரெனாவை வாடகைக்குக் கொடுப்பதாகக் கூறி நிகழ்ச்சிகளை இணையவழி அனுப்பிய ஏரியோ நிறுவனத்தின் செயலைப் பதிப்புரிமை மீறல் என 2014இல் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தமையும் பொருத்தமே, அது வாணிகம். சான்று பெற்ற கருவியில் வீட்டார் பதிவுசெய்யத் தடையில்லை என்றும் பூட்டுவோர் கூறுகின்றனர். ஆயினும் எக்கருவி சான்று பெறும், எது பெறாது என்பதைத் தீர்மானிப்போர் அவர்களே. கட்டணமில்லாத பொருளுக்குக் காவலாளி நிற்பானாயின், அப்பொருள் கட்டணமில்லாததாக எத்துணைக் காலம் நிற்கும்?

வானலை எவருக்கும் தனிச் சொத்தன்று. பொதுநலனுக்கு உதவுதல் வேண்டும் என்னும் நிபந்தனையின்மீதே அமெரிக்க நிலையங்கள் அதனைப் பயன்படுத்த உரிமம் பெறுகின்றன. 1934ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டம் முதலாக இருந்துவரும் கொள்கை அது. பொதுவழியிற் செல்வோன் தன் முகத்தை மூடிச் செல்லலாம். பொதுவழியையே மூட இயலாது. மாதக் கட்டணம் கட்ட வசதியில்லாத முதியோரும், இரவுப்பணி செய்வோரும், புதிதாய்க் குடியேறியோரும் அன்ரெனாவை நம்பியுள்ளனர். திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டு முதலில் அவர்களையே வெளியே நிறுத்துமாயின், அது பிழையான பூட்டு.

கொள்ளலும் கழித்தலும்

பதிவுப்பெட்டியைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. வன்தட்டிற் பார்க்கப்படாத பதிவுகள் இருநூறு மணி நேரத்துக்கு மேல் இருப்பதை மருமகன் எனக்குக் காட்டினான். "எப்பவாவது பாப்பம் எண்டு வைச்சிருக்கிறன் மாமா," என்றான். நூல்களை வாங்கி அலுமாரியில் அடுக்கி, அடுக்கியதனாலேயே கற்றுவிட்டதாக எண்ணும் மாணவரை யாம் கண்டதில்லையா? சேர்த்தல் எளிதாகும்போது தெரிதல் அரிதாகின்றது. தட்டு நிரம்பினால் மிகப் பழைய பதிவைப் பெட்டி தானே அழிக்கும். அவ்வாறு அழிய விடுவோன் எதைக் காத்தல் வேண்டும் என்பதைப் பெட்டியின் கையில் ஒப்படைக்கின்றான். தமக்கையார் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்ததைக் கழித்து, பார்க்க வேண்டியதைக் குறித்து வைப்பார். அவருடைய பதிவுகள் பத்தைத் தாண்டியதில்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் இரு செய்திகள் உள. எல்லாவற்றையும் எவரேனும் காப்பர் என்று நம்பியிருந்த நிறுவனங்களே தம் செல்வத்தைத் துடைத்தன. சிலவற்றைக் காத்தவர் வீட்டிலிருந்த எளிய மனிதர். ஆகவே வீட்டிற் பதிவுசெய்யும் உரிமை, விற்பனைக்கன்றி வீட்டுப் பயனுக்காக என்னும் வரம்புடன், காக்கப்படல் வேண்டும். அவ்வுரிமையைப் பெற்றோர், வேண்டியதைத் தெரிந்து, உரிய வேளையில் எடுத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, அருகிலுள்ள பிள்ளைக்குப் பொருள் சொல்லுதல் வேண்டும். எங்கள் வகுப்புகளில் ஒரு செய்யுளை எடுத்து நாங்கள் செய்துவருவதும் இதுவே. பூட்டுப் பற்றிய வழக்கும் வாதமும் அந்நாட்டில் இன்னும் முடியவில்லை. அதன் முடிவைக் கல்வியில் நாட்டமுடையோர் கவனித்தல் நன்று.